இருபத்தொரு நாள்

க்ளேர்வுட்டில் டயர் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம்.
செவ்வாய் இரவு ஏழு. மின்வெட்டு எட்டரை வரை.
ஷரீஃபா கைப்பேசி விளக்கின்மேல் தண்ணீர் பாட்டிலை வைத்தாள்;
வெளிச்சம் நீரேறி மேசை முழுக்கப் பரவியது.
ஆண்டு மாநாடு. பொருள் ஒன்று: தேதி.

தேதிக்கே ஒரு மணி நேரம் போயிற்று.
முதல் சனி சம்பளச் சனி, யாரும் வரமாட்டார்கள்.
இரண்டாவது, மாரியம்மன் கஞ்சி.
மூன்றாவதில் போங்கெகிலேயின் தேவாலயத்துப் பெண்கள்
விடிய விடியப் பாடுவார்கள்.
நான்காவதில் கால்பந்து.
மனித உரிமைக்கு வாய்த்தது ஐந்தாவது சனி,
அந்த மாதத்தில் ஐந்தாவது ஒன்று இருந்ததால்.

பொருள் இரண்டு: மண்டபம்.
சாட்ஸ்வொர்த்தில் நாலாயிரம் ராண்ட், நாற்காலி தனி.
"நாற்காலி இல்லாத மண்டபத்தை யார் எடுப்பார்கள்?"
"கல்யாணக்காரர்கள். உறைபோட்ட நாற்காலியோடு வருவார்கள்."
நாங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்,
உறை இல்லாமல்.

மூன்றாவது பொருளுக்குத்தான் கோகிலன் கண்ணாடியை மாட்டினார்.
விதி ஒன்பது, உட்பிரிவு இரண்டு:
பதிவேட்டில் உள்ள முகவரிக்கு
இருபத்தொரு நாள் முன்பே அறிவிப்பு சேர வேண்டும்.
சேராவிட்டால் எந்தத் தீர்மானமும் செல்லாது.
தொண்ணூற்றாறில் அவரே எழுதிய விதி,
ஒருவரும் விடுபட்டுவிடக் கூடாதென்று.

பதிவேட்டைப் புரட்டினேன்.
முப்பத்தெட்டுப் பேரின் முகவரி, என் கையெழுத்தில்:
நீலக் கண்டெய்னர் தாண்டி மூன்றாவது கதவு.
குழாய்க்கு எதிரே, தகரத்தில் கோழி வரைந்தது.
எம்புசோ வீட்டுக்குப் பின்னால்.
மார்ச்சில் நகராட்சி வந்துபோனபின்
கதவு இல்லை, கோழி இல்லை, எம்புசோ இல்லை,
அதனால் பின்னாலும் இல்லை.

"ஆளைத் தேடுங்கள்," என்றாள் போங்கெகிலே,
"முகவரி கூடவே நடந்து வரும்."
"விதியில் ஆள் என்று இல்லை," என்றார் கோகிலன்.
சொல்லிவிட்டு நெடுநேரம்
அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்,
வேறு யாரோ எழுதியதைப்போல.

ஞாயிறன்று போனேன்.
ஆற்றோரம் முழுக்கப் புது வேலி.
காவலாளியின் சட்டையில் பெயர்: வூயிசிலே.
உள்ளே விடமாட்டேன், வெளியே என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்றான்.
துணிக் கவ்விகளால் உறைகளை வேலிக் கம்பியில் மாட்டினேன்.
நீலக் கண்டெய்னர் இருந்த இடத்திலிருந்து
மூன்று எட்டு தள்ளி ஒன்று.
குழாய் மட்டும் இன்னும் நின்றது;
அதற்கு எதிரே ஒன்று.
'பின்னால்' எங்கே என்று கொஞ்சம் யோசித்தேன்.
கவ்விகள் தீர்ந்தபோது
வூயிசிலே தன் சாப்பாட்டுப் பையின் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தான்.
முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

குறிப்பேட்டில் எழுதியது:
அறிவிப்பு சேர்ப்பிக்கப்பட்டது, முப்பத்தெட்டு.
எவ்வழி என்ற கட்டத்தில்: கையால்.
வேலி என்று எழுத அங்கே இடமில்லை.
அதை இங்கே எழுதுகிறேன்,
அந்த அலுவலகத்தில் நான் மட்டும் படிக்கும் மொழியில்.

தெற்குக் காற்று ஓய்ந்த புதன்கிழமை போய் எண்ணினேன்.
பதினொரு உறைகளைக் காணோம்.
காற்றா, கையா, தெரியவில்லை.
கவ்விகள் கம்பியிலேயே இருந்தன.

சமையலுக்கு மொகாம்பரி அழைத்தாள்.
"எத்தனை பேர், உறுதியாகச் சொல்.
அரிசி விலை உனக்கே தெரியும்."
குறைந்தபட்சம் எழுபத்தொரு பேர் வேண்டும்.
போன வருடம் வந்தவர்கள் எண்பது.
தொண்ணூற்றொன்று என்றேன்.

"அதென்ன கணக்கு?"

பீன்ஸ் கறியில் காரத்தைக் குறை,
குழந்தைகள் வரலாம்,
என்று மட்டும் சொன்னேன்.