கேள்வி பதினேழு

டாக்டர் பட்டம் வாங்கிய பின்னும் படிக்கிற நர்ஸ் என்று
பக்கத்து வீட்டாரிடம் என்னைச் சொல்லிவைத்திருக்கிறாள் ராய்யா.
"இன்னும் என்ன படிப்போ தெரியவில்லை.
ஊசி நன்றாகத்தான் போடுகிறாள்."

இல்மயோக்கியில் நிலம் இஸ்திரி போட்டாற்போல் கிடக்கும்.
மூன்று கிலோமீட்டர் முன்பே
அவர்கள் சமையலறை விளக்கு தெரிந்துவிடும்.
என் பையில் ஸ்டாப்வாட்ச், அளவு நாடா,
நாற்பத்தொரு கேள்விகள்.

முதலில் நடை.
சோபாவிலிருந்து ஃபிரிட்ஜ் வரை ஏழரை மீட்டர்.
நவம்பரில் ஹெய்மோவுக்குப் பதினொரு விநாடி.
பிப்ரவரியில் பத்தொன்பது.
"தரை நீண்டுவிட்டது" என்றார்.
பத்தொன்பது என்று மட்டும் எழுதிக்கொண்டேன்.

மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் என்றால் என்ன என்று
நரம்பையும் அதன் உறையையும் வரைந்து
மருத்துவர் விளக்க ஆரம்பித்தபோது
பாதியில் கையை உயர்த்தினாராம்:
நாற்பது வருடம் டிராக்டர் பழுது பார்த்தவன் நான்,
குளிர்காலத்தில் எலி கொறித்த வயர் எப்படி இருக்கும் என்று
எனக்கே சொல்கிறீர்களா,
எலியைப் பிடித்துக் கொடுங்கள் போதும்.

அப்புறம் ராய்யாவின் முறை.
கேள்வி பதினாறு: இரவில் எத்தனை தடவை எழுகிறீர்கள்?
"இருமினால் எழுவேன்.
இருமாமல் கிடந்தாலும் எழுவேன்."
கேள்வி பதினேழு:
உங்களுக்கே உங்களுக்கென்று வாரத்தில் எத்தனை மணி நேரம்?
ஜன்னலைப் பார்த்தாள்.
"பனி அள்ளுகிற நேரம்."
அது எவ்வளவு இருக்கும்?
"எவ்வளவு பெய்கிறதோ அவ்வளவு."
அந்தக் கட்டத்தில் எண் மட்டும்தான் ஏறும்.
பென்சிலைக் கீழே வைத்தேன்.

ஜனவரியில் அவளுக்குத் தூக்கக் கற்றுத்தந்திருந்தேன்.
முழங்காலுக்கு முழங்கால் முட்டுக் கொடு.
முதுகை நம்பாதே, தொடையை நம்பு.
அவர் எடை உன் மேல் சாயட்டும், பிறகு திரும்பு.
நடனம் மாதிரி என்று சொன்னதற்கு
"இவரா? எங்கள் கல்யாணத்திலேயே ஆடவில்லை."
ஃபிரிட்ஜில் என் தாள் ஒன்றும் காந்தத்தில் தொங்கியது.
முதல் வரி: சூட்டைத் தவிர்க்கவும்.
உடம்பு சூடேறினால் கால்கள் சொன்ன பேச்சு கேட்காது.
ஆறு வருடமாகச் சனிக்கிழமை சவுனா
அவளுக்கு மட்டும்தான் எரிந்தது,
சீக்கிரமே அணைந்தது.

மார்ச்சில் நான் போனபோது சமையலறையில் ஆள் இல்லை.
கொல்லைப்புறக் கூரையில் புகை.

சவுனா வாசல் பெஞ்சில்
வேகவைத்த பீட்ரூட் நிறத்தில் ஹெய்மோ,
துண்டுக்கு வெளியே
நனைந்த கயிறு போல இரண்டு கால்கள்.
அவர் அக்குளுக்கடியில் அவள் கைகள்,
நான் காட்டிய அதே பிடி,
முழங்காலுக்கு முழங்கால்.
தூக்கக் கற்றுத்தந்தது நான்.
எங்கே தூக்கிப்போவது என்பதை
அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

"வாட்சை எடு" என்று சிரித்தார். "இப்போது அளந்து பார்."
திட்ட வேண்டும். வழுக்குத் தரை, விழுந்திருந்தால்,
அறுபத்தெட்டு வயதில் இடுப்பெலும்பு.
வாயைத் திறந்தேன்.
ஆவி பறக்க இருவரும் நின்ற நிலையில்
எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோனது.
போய்க் காபி போட்டேன்.

ஒன்றரை மணி நேரத்தில் கால்கள் திரும்பி வந்தன.
முதலில் வலது,
பிறகு, வேண்டாவெறுப்பாக, இடது.

கிளம்பும்போது ராய்யா கார் வரை வந்தாள்.
"அந்தப் பதினேழு இருக்கிறதே,
உள்ளே இருபது நிமிடம் இருந்தோம், ஒரு வார்த்தை பேசவில்லை.
அது என் நேரமா, அவரைப் பார்த்துக்கொண்ட நேரமா?"
எனக்குத் தெரியவில்லை என்றேன்.
"படித்துப் பார்த்துச் சொல்."

தம்பெரேயில் என் மேசையில்
அந்த ஒரு கட்டத்தை மென்பொருள் சிவப்பில் காட்டுகிறது.
மதிப்பு இல்லை, மதிப்பு இல்லை.
ஏப்ரல் வந்தும் வெளியே பனி கொட்டுகிறது.
வானிலைப் படத்தைத் திறந்து
இல்மயோக்கியிலும் பெய்கிறதா என்று தேடுகிறேன்.