விலைமதிப்புள்ள ஏதாவது ஒன்று

இரண்டு பெரியவர் டிக்கெட்டுக்கு ஒரு குழந்தை இலவசம்,
அடுத்த குழந்தைக்கு முக்கால் கட்டணம்.
'கரையிலேயே கொள்ளையைத் தொடங்கிட்டாங்க'
என்றாள் ஃபர்சானா.

தோஹாவின் பழைய துறைமுகம்.
வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பிறகும்
படகின் கைப்பிடி தோசைக்கல்.
பாயில் வரைந்த மண்டையோடு
காற்று வந்தால் சிரித்தது,
போனால் கொட்டாவி விட்டது.
அடியில் டீசல் எஞ்சின்
ஆஸ்துமாக்காரரைப் போல இழுத்தது.

கொள்ளைத் தலைவன் பெயர் ரொடெல், ஊர் செபு.
கண்பட்டையை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான்
தலைகளை எண்ணினான். இருபத்து மூன்று.
லைஃப் ஜாக்கெட் வார்களை
ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான்.
பட்டையை இறக்கினான், குரல் மாறியது:
'இனி இங்கே யாரும் நல்லவர்கள் இல்லை!'
பிள்ளைகள் கூத்தாடினார்கள்.
இவ்வளவு சந்தோஷமாக
யாரும் கெட்டுப்போய் நான் பார்த்ததில்லை.

சுஹைலுக்கு ஒன்பது வயது. நம்ப மறுக்கிற வயது.
பிளாஸ்டிக் வாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
தணிக்கைக்கு வந்த அதிகாரியாக நின்றான்.
மின்ஹாவுக்கு ஆறு.
இளவரசிக் கிரீடம் நீட்டினார்கள்.
அவள் கொக்கி கேட்டு வாங்கி
அதனால் மூக்கைச் சொறிந்துகொண்டாள்.

நடுக்குடாவில் எஞ்சினை அணைத்தார்கள்.
எதிர்க்கரையில் கண்ணாடிக் கோபுரங்கள்.
இடமிருந்து நான்காவது,
பதினேழாம் மாடியில் என் நாற்காலி.
கடலிலிருந்து பார்த்தால்
ஜன்னல்கூட இல்லை அது,
ஒரு மினுக்கு.

பெட்டி திறந்தது.
'ஆளுக்கு ஒன்று! விலைமதிப்புள்ள ஏதாவது ஒன்று!
போடாதவர்கள் சுறாவுக்கு!'
ஒருத்தி ரப்பர் வளையல் போட்டாள்.
ஒருவன் ஆடுகிற பல்லைத் தொட்டுப் பார்த்து
இன்னும் விழவில்லையே என்று வருந்தினான்.
சுஹைல் ஐந்து ரியாலை நாலாக மடித்து
மீதி கிடைக்குமா என்றான்.
மின்ஹா போட்டது சத்தம் எழுப்பவில்லை.
தட்டையாக, சின்னதாக ஏதோ.

படகு திரும்பும்போது
பழக்கத்தில் சட்டைப்பையைத் தட்டினேன்.
துணிக்கு அடியில்
நெஞ்சு மட்டும்தான் இருந்தது.

'பத்தாக்கா!'

அந்தச் சொல்லைக் கேட்டதும்
கொள்ளைத் தலைவனின் ஒற்றைக் கண் அகன்றது.
அவன் கை தானாகவே
இடுப்புக் கச்சைக்குள் போய்
தன்னுடையதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தது.
பெஞ்சுக்கு அடியில் தேடினோம்.
ஃபர்சானாவின் பை தலைகீழானது:
ஈரத்துணி, கடலைமிட்டாய், காணாமல் போயிருந்த ஒரு சாக்ஸ்.

மின்ஹா கொக்கியை உயர்த்தினாள்.
'நான்தான் போட்டேன் வாப்பா.
நீங்க தினமும் கதவுகிட்ட நின்னு
அதைத்தானே இருக்கா இருக்கான்னு பாப்பீங்க?
எங்களுக்கு முத்தம் கொடுக்குறதுக்கு முன்னாடி?'

ஃபர்சானா சிரித்தாள்.
பிறகு கடலைப் பார்த்துக்கொண்டாள்.

பூட்டு திறக்க மீட்புத்தொகை:
வாப்பா பலகைமேல் நடக்க வேண்டும்.
மூன்றடிப் பலகை, கீழே நீல மெத்தை.
நுனியில் நின்றபோது
முதலில் 'தள்ளு!' என்று கத்தியவன்,
நம்ப மறுத்த சுஹைல்.

பெட்டிக்குள் வெயிலில் உருகி வழிந்திருந்தன
பரிசாக வைத்த சாக்லேட் காசுகள்.
அட்டையில் என் இடது கண்ணை
ஒரு காசு முழுசாக மூடியிருந்தது.
ஏழு வருடத்துக்கு முந்திய அந்த முகம்,
கடன் வாங்கிய டையோடு, சிரிக்கப் பயந்த முகம்,
முதல்முறையாக
யாரையும் மிரட்டக்கூடிய முகமாக இருந்தது.

ஞாயிறு காலை. கதவருகே நின்றேன்.
கை பாதிவழி போயிருக்கும்.
சோபாவிலிருந்து மின்ஹா
ஒரு கண்ணை மூடிக்கொண்டு கவனித்தாள்.
நெஞ்சைச் சொறிவதுபோல் சொறிந்தேன்.
இரண்டு முத்தங்கள் கொடுத்தேன்,
ஒன்று சீரியல் பால் பட்ட கன்னத்தில்.

லிஃப்ட் கதவு மூடியது.
தொட்டுப் பார்த்தேன்.
இருந்தது.