நீலப் பிரதி

இறங்குதுறையில் பொலிஸ் நின்றதால்
ஐஸ் லொறியில் ஏறினோம்.
அண்ணா என்னை மீன்பெட்டிகளுக்கு இடையில் இருத்தி
சாக்கால் மூடி
"தும்மிப்போடாதை" என்றான்.
அவன் சொன்ன பிறகுதான் தும்மல் வந்தது.

பாலங்களைச் சத்தத்தால் எண்ணினேன்.
கங்கைப் பாலம் கடகடத்தது,
இறால்குழி எப்போது போனதென்று தெரியவில்லை,
கடைசியில் கிண்ணியா
நீளமாக, நீளமாக இரைந்தது.
சட்டைக்குள் அம்மாவின் சேலைக் கிழிசலால் கட்டிய
சங்கப் புத்தகம்
விலா எலும்பில் இடித்துக்கொண்டே வந்தது.

பதினொரு இலட்சம்.
அப்பா நிறுத்தாராம், அம்மா எழுதினாவாம்,
இருவருமாய் விழுங்கினார்களாம்.
வீட்டுக் கதவில் கரியால் எழுதியிருந்தார்கள்: கள்ளர்.
எழுத்துப் பிழை ஒன்றாவது இருந்திருந்தால்
கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும்.

சங்கத் தலைவர் இரண்டு தரம் வந்தார்,
இரண்டு தரமும் பிஸ்கட்டோடு.
"அம்மா ஏதும் புத்தகம் வச்சிட்டுப் போனவவோ, பிள்ளையள்?"
அண்ணா பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு
இல்லை என்றான்.
நாளைக்கு நன்னடத்தை மிஸ் வருவா,
அவனை ஒரு இல்லத்துக்கு, என்னை இன்னொன்றுக்கு.
அந்த இரவே வெளிக்கிட்டோம்.

திருகோணமலை பஸ் நிலையத்தில்
ஒரு லைற் மட்டும் எரிந்தது.
அதன் கீழே குந்தியிருந்து
அண்ணா ஒவ்வொரு தாளாய்ப் புரட்டினான்.
மேல்தாளில் தலைவர் என்னத்தை மாற்றினாலும்
கீழே கார்பன் நீலத்தில்
அம்மாவின் எண்கள் அசையாமல் இருந்தன,
அவவின் ஏழுக்கு எப்போதும் இடுப்பில் ஒரு கோடு.
"வெண்டிட்டம்" என்றான்.
பிறகு, அறுபத்திரண்டாம் பக்கத்தில்
பேசாமலாகிவிட்டான்.

நாலாயிரத்து ஐந்நூறு. முற்பணம்.
அப்பாவின் கையெழுத்து.
திருப்பிக் கட்டியதாய் எங்கேயும் இல்லை.

திகதியைப் பார்த்தேன்.
பிறகு என் காலைப் பார்த்தேன்.
பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு முதல் நாள்
வாங்கித் தந்த சப்பாத்து.
வெள்ளை இப்போது மீன்தண்ணியில் பழுப்பு.

அண்ணா கிழித்தான்.
அந்தச் சத்தத்துக்கு
டிக்கட் கூண்டடியில் படுத்திருந்த நாய் எழும்பியது.

அப்போது மான்கள் வந்தன,
கோட்டைப் பக்கமிருந்து, ஏழோ எட்டோ,
ஊரிலுள்ள எல்லாத் தெருவும் தங்களுடையதென்ற நடையில்.
குப்பைக்குள் முகம் விட்டு
பேப்பர் தின்றன, வாழையிலை தின்றன,
யாரோ தவறவிட்ட பஸ் டிக்கட்டையும் தின்றன.
அண்ணா எழும்பிப்போய்
அறுபத்திரண்டாம் பக்கத்தை நீட்டினான்.

புள்ளி அழிந்த கிழட்டு மானொன்று
முகர்ந்தது.
இறால் உப்பாக இருக்கவேண்டும்,
ஒரு ஓரத்தை நக்கியது, இன்னொரு தரம் நக்கியது.
அண்ணாவின் கை நடுங்கியது. பதின்மூன்று வயதுக் கை.
அப்பா இறால் நிறுக்கும்போது தராசைத் தொடமாட்டார்,
இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்,
அது நினைவு வந்தது.
ஓடிப்போய்த் தாளைப் பறித்தேன்.
மான் என்னைப் பார்த்துச் சலிப்போடு
அடுத்த குப்பைக்குப் போனது.

"விசரி" என்றான் அண்ணா.
"அது இருந்தால் எல்லாம் போச்சு."
"அது இல்லாட்டில் மிச்சத்தை ஆர் நம்புவினம்?"
விடியுமட்டும் நாங்கள் கதைக்கவில்லை.

காலையில் கோட்ஸ்.
சிறைச்சாலை பஸ்ஸின் கம்பிவலைக்குள்
அம்மா எங்களை எண்ணினா,
ஒன்று, இரண்டு,
உதடு அசைந்தது தெரிந்தது.

பதிவாளர் ஐயா கண்ணாடியைத் துடைத்துவிட்டு
விரலை நனைத்து நனைத்துப் பக்கம் பார்த்தார்.
நூறும் இருந்தது.
"இது ஏன் கிழிஞ்சிருக்கு?"
அண்ணா நிலத்தைப் பார்த்தான்.
"நாங்கள்தான்."
"ஈரமாயும் கிடக்கே?"
"மான்" என்றேன்.

அவர் எங்களை ஒருதரம் பார்த்தார்,
பேனையை மையில் தொடுவதுபோல் காற்றில் தொட்டு
அதையும் எழுதிக்கொண்டார்.