எடை பார்ப்பவன்

மாலை ஆறு பத்து. ஹாரிஸ்பர்க்.
சஸ்குவஹன்னா ஆற்றின் மேல் ஈரப்பனி,
கார் துடைப்பான்கள் முனகுகிற மாதிரி ஒரு சனிக்கிழமை.
பெட்டிக்கு இரண்டு பூட்டு.
ஒன்றின் சாவி என்னிடம்,
மற்றது தணிக்கைக்காரி ரொவீனாவிடம்.
நாங்கள் இருவரும் ஒரே காரில் வந்திறங்கக் கூடாது:
விதி எண் பதினொன்று.

முத்திரையில் இருக்கும் எண்ணை அவள் வாசிக்கிறாள்.
பதிவேட்டில் இருக்கும் எண்ணை நான் வாசிக்கிறேன்.
ஒத்துப்போனால்தான் கத்தரிக்கோல்.

பிறகு பந்துகள்.
கையுறை விரலால் ஒவ்வொன்றாய்த் தராசில்,
நாற்பத்து மூன்று முறை.
நான் சிறுவனாய் இருந்தபோது இதே மாநிலத்தில்
பந்துக்குள் சாயத்தை ஊசியால் ஏற்றினார்கள்.
கனத்தவை கீழே கிடக்க, ஏற்றாதவை மேலே வந்தன.
அன்று பிறந்தது என் வேலை.
முப்பத்தெட்டை எழுத ஒன்றை விட மை அதிகம் செலவாகும்;
அந்த மையை நினைத்து ஓர் இரவு
தூங்காமல் கிடந்தவன் நான்.

"ஐயா, இருபத்தேழு வந்து ஐந்து மாதம் ஆயிற்று,
இந்த வாரமாவது வருமா?"
இப்படிக் கடிதங்கள், பத்தொன்பது வருடமாக.
ஒருவர் மூன்று நிற மையில் வரைபடமே அனுப்பினார்.
எல்லாருக்கும் அச்சடித்த ஒரே பதில்.
அதில் சேர்க்க எனக்கு அனுமதி கிடைக்காத வரி:
தான் இருபத்தேழு என்பதே
அந்தப் பந்துக்குத் தெரியாது.

சீட்டின் முன்பக்கம் பொன்னிறத்தில் பரிசுத் தொகை.
பின்பக்கம் எறும்பு ஊர்ந்தது போல மற்றதெல்லாம்:
வெல்லும் வாய்ப்பு, வரிப் பிடித்தம், ஒரு வருடக் கெடு,
விட முடியாதவர்கள் அழைக்க ஒரு தொலைபேசி எண்.
லாபம் முழுக்க முதியோர்க்கு.
வாரா வாரம் தோற்றவர் அறுபத்தைந்தைத் தொட்டால்
தோற்ற காசிலேயே
பேருந்தில் டிக்கெட் எடுக்காமல் போகலாம்.
நான் குறை சொல்லவில்லை. என் தராசும்
அந்தக் காசில் வாங்கியதுதான்.

விதி எண் நான்கு:
ஊழியர் ஆடக் கூடாது,
ஊழியர் வீட்டில் குடியிருப்போரும் ஆடக் கூடாது.
அதை நான் தனக்காகவே எழுதியதாக
வெர்னா கடைசிவரை நம்பினாள்.
"தெருவில் எல்லாரும் ஆசைப்படலாம்,
எனக்கு மட்டும் சட்டமா?"
நான் பென்சிலை எடுத்தேன்.
ஒன்பது லட்சத்து அறுபத்து இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று, வெர்னா,
என்று துடைப்புக் காகிதத்தில் பெருக்கிக் காட்டினேன்.
உருளைக்கிழங்கு ஆறிப்போயிற்று.

மார்ச்சில் விவாகரத்து கையெழுத்தானது.
அன்று மதியமே கேமரன் தெரு பெட்ரோல் பங்கில்
ஒரு சீட்டு வாங்கினாளாம்.
எனக்குக் காபி ஊற்றிக்கொண்டே
கல்லாப் பையன் சொன்னான்.
எண்ணை நீங்கள் சொல்கிறீர்களா, எந்திரமே போடட்டுமா
என்று கேட்டிருக்கிறான்.
"எந்திரமே போடட்டும்," என்றாளாம்.
"எண்ணைப் பற்றி வீட்டில் நிறையப் பேசியாயிற்று."
அதிலிருந்து ஒரு சனிக்கிழமை தவறவில்லையாம்.

ஆறு ஐம்பத்தெட்டு.
சோதனை ஓட்டங்கள் முடிந்தன.
சாட்சிக்கு வந்த யோடர் என்ற கிழவர்
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
ஏதோ தேவாலயத்தில் இருப்பது போல் உட்கார்ந்திருக்கிறார்.
காற்று சீறுகிறது. கண்ணாடிக்குள் பந்துகள்
சோளம் பொரிவது போலத் துள்ளுகின்றன.

இந்நேரம் அவள் அந்தப் புது வீட்டில்
கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பாள்,
அது தலையில் இருக்கும்.
சீட்டின் பின்னால் கையெழுத்துப் போட்டிருப்பாளா?
போடாத சீட்டு எவர் கையில் இருக்கிறதோ அவருடையது.
அதைச் சொல்லிக் கொடுக்காமல்
பெருக்கலைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

குழாயில் முதல் பந்து ஏறுகிறது.
வழக்கமாக நான் பார்ப்பது காற்றழுத்த முள்ளை.
இன்று, எந்த எண் என்று பார்க்கக்
குனிகிறேன்.
ரொவீனா இருமுகிறாள்.

அதற்கும் ஒரு விதி உண்டு.
எண் மறந்துவிட்டது.