டச்சுக்காரனுக்கு அறுநூறு ரூபாய்

திருவிதாங்கூர்ப் படைக்கு ஆள் நிரம்பிவிட்டது.
டச்சுப் பக்கம்தான் பதினேழு பேர் குறைவு.
ஐந்நூறு; செத்து விழுந்தால் நூறு கூடுதல்.
தடைக்காலத்தின் கடைசி நாள்,
படகு கரையில், நான் சும்மா.
ததேயூஸ், வயது முப்பத்தெட்டு, குளச்சல் என்றேன்.
"நல்லா கறுத்துல்லா இருக்கிய" என்றார் பட்டியல் எழுதியவர்.
பிறகு அவரே ஒரு டப்பா பவுடர் தந்தார்.

நீலக் கோட்டு
பாஸ்கா நாடகப் பெட்டியிலிருந்து வந்தது.
காலரில் இன்னும்
ஏரோதின் சேவகன் விட்டுப்போன வியர்வை.

மாட்டு வண்டியில் பனந்தடி ஏற்றி
பீரங்கி என்று காட்டி ஏய்த்தார்களாம் அன்றைக்கு.
பனந்தடி கிடைக்கவில்லை.
பிளாஸ்டிக் குழாய்க்குக் கறுப்படித்து
பீரங்கி போலத் தெரியும் பனந்தடி போலச் செய்து
கருங்கலிலிருந்து டெம்போவில் இறக்கினார்கள்.

அப்புறம் துடுப்பு.
கடல்காரர் தோளில் துடுப்போடு வரிசையாய் நிற்க
தூரத்துக் கப்பலுக்கு அது துப்பாக்கியாய்த் தெரிந்ததாகக் கதை.
நாற்பது வேண்டும்.
எல்லார் வீட்டிலும் எஞ்சின்.
தெருத்தெருவாய்க் கேட்டுப் பதினொன்று தேறியது.
பன்னிரண்டாவது செல்சம்மாளின் அடுக்களை மூலையில்.
கேட்டவர்களிடம் அவள் கொடுக்கவில்லை,
தானே சுமந்து வந்து கடைசி ஆளாய் நின்றாள்.
பெண்கள் வரிசையில் கிடையாதே என்று வாயெடுத்த அமைப்பாளர்
துடுப்பில் சுரண்டியிருந்த பெயரைப் பார்த்தார்.
ஒலிபெருக்கியைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

வேட்டுச் சத்தம். விழுந்தேன்.
மூக்குக்கு நேரே நண்டு வளை.
கோட்டுப் பைக்குள் போன் அதிர்ந்தது,
டிரைவர் செலுவை:
ராத்திரி பன்னிரண்டுக்கு ஐஸ் ஏத்தணும்.
கயிற்றுக்கு அப்பாலிருந்து என் மகள்,
"அப்பா, எழும்பு! எழும்புப்பா!"
கூட்டம் சிரித்தது, எனக்கும் வயிறு குலுங்கியது.
பக்கத்துப் பிணம் பல்லைக் கடித்தது:
"லே சவமே, அசையாத."

வெற்றி முழக்கம் முடிந்து
பாதிப் படை டீக்கடையில் இருக்கும்போது அறிவிப்பு.
சிறப்பு விருந்தினர் இப்போதுதான் தக்கலை தாண்டினார்.
இறந்தவர்கள் எழும்பவும்.
முதலிலிருந்து.

இரண்டாம் முறை
காற்று திரும்பியிருந்தது, ஆடிக் கடல்
கரையைத் தின்றுகொண்டு மேலே வந்திருந்தது.
விழ வேண்டிய இடத்தில் தண்ணீர். விழுந்தேன்.
தலைகீழாய்த் தெரிந்தது துடுப்பு வரிசை.
பதினொரு பேர் கப்பலைப் பார்த்தார்கள்.
அவள் என்னைப் பார்த்தாள்.

கிளீற்றஸ் போனபோது
ஒன்றும் கரையடையவில்லை,
ஒற்றைச் செருப்புகூட.
அவன் கல்யாணச் சட்டையைப் பெட்டியில் வைத்து
ஆறு பேர் தூக்கினோம்.
கனமில்லாததைக் கனம்போலத் தூக்குவது
கஷ்டம்.

இந்த முறை நான் சிரிக்கவில்லை.
கையை எப்படிப் போட வேண்டும் என்று யோசித்தேன்.
வாயில் மணல் புகுந்தது, துப்பவில்லை.
ஒரு அலை முதுகுக்கடியில் வந்து
லேசாய்த் தூக்கி
ஒரு முழம் உள்ளே இழுத்துப் பார்த்தது.

அவள் வரிசையை விட்டு வந்தாள்.
மணலில் துடுப்பைக் குத்தினாள்.
என் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து
தரதரவென்று
ஈரம் எட்டாத மேட்டுக்கு இழுத்துப் போட்டாள்.
ஒரு வார்த்தை இல்லை. மூச்சுதான்.

ஒலிபெருக்கி ஒரு நொடி திணறிற்று.
பிறகு:
"இதோ, நம் வீரப் பெண்மணி
எதிரியைச் சிறைபிடிக்கிறாள்!"
கைதட்டல் வெற்றித்தூண் வரை போனது.
சிறப்பு விருந்தினர் எழுந்து நின்று தட்டினார்.
நான் கண்ணைத் திறக்கவில்லை.
அவள் இன்னும் என் கோட்டைப் பிடித்திருந்தாள்.

பிரியாணிப் பொட்டலத்துக்கு நிற்கும்போது
துடுப்பை நான் கொண்டுவரட்டுமா என்றேன்.
"வேண்டாம்" என்றாள்,
"தலையத் துவட்டு. ராத்திரி கடலுக்குப் போறவன்."

பன்னிரண்டு மணிக்கு ஐஸ் கட்டியைத் தூக்கிப் போடுகையில்
செலுவை என் காதுக்குப் பின்னால் டார்ச் அடித்தான்.
"என்னவே, வெள்ளையா?"
பவுடர் என்றேன்.
அடித்துப் போகட்டும் கடல் என்று
துடைக்காமல் ஏறினேன்.