ஒன்பதாவது படி

வருடத்துக்கு ஒருமுறை
ஒல்லாந்து அரசு எனக்குக் கடிதம் போடுகிறது,
உயிரோடு இருக்கிறாயா என்று.
இருந்தால் நிரூபி. முத்திரை வேண்டும். கருப்பு மை.
இல்லையென்றால் நான் என்ன செய்யவேண்டும் என்று
அதில் போட்டிருக்கவில்லை.

முப்பத்தெட்டு வருடம் ரோட்டர்டாம் துறைமுகத்தில்
கொள்கலன்களைப் பூட்டித் திறந்தவன் நான்.
முழங்கால் சவ்வு இரண்டையும் அங்கேயே கொடுத்தாயிற்று.
மிச்சத்தை சாவோ நிக்கோலாவுக்குக் கொண்டுவந்தேன்,
அட்லாண்டிக் நடுவே
அடிப்பிடித்த ரொட்டிபோல் கிடக்கும் தீவுக்கு.

கூடவே ஒரு சைக்கிள்.
ஜுல்மிரா சிரித்தாள்:
ஏறினால் மலை, இறங்கினால் கடல்,
இதில் எங்கே ஓட்டப்போகிறாய்?
தட்டை நாட்டில் வாங்கிய வண்டி.
இப்போது அதன் கைப்பிடியில் அவள் கருவாடு காய்கிறது.

இந்த வீட்டைக் கட்டியது என் பணம்.
கட்டியவன் மச்சான் தீத்தினோ.
விடுமுறைக் காசில் ஒரு சுவர்,
ஓவர்டைம் கிடைத்த வருடம் ஒரு மாடி.
புகைப்படத்தில் பார்த்துப் பார்த்தே குடியிருந்தேன்.
புகைப்படத்தில் தெரியாதது ஒன்று:
மாடிக்குப் போகும் ஒன்பதாவது படி
மற்றவற்றைவிட மூன்று விரற்கடை உயரம்.
சிமெண்ட் கணக்குத் தப்பிவிட்டதாம்.
வாரத்துக்கு இரண்டுமுறை தடுக்கினேன்.
பக்கத்து வீட்டுப் பொடியன்கள்
பட்டத்தோடு, பின்பக்கமாகப் பார்த்தபடி ஏறுகிறார்கள்.
நான்தான்
குளியலறை எந்தக் கதவு என்று
நின்று யோசிக்கிறேன்.

சந்தையில் என் பெயர் ஒல்லாந்துக்காரன்.
சூரை மீனுக்கு எனக்கென்று தனி விலை.
அங்கே, பதினோராம் மாடியில்,
எதிர்வீட்டம்மாள் முப்பது வருடமாய் அன்போடு கேட்டாள்:
நீங்கள் எந்த ஊர்?
இங்கே மீன்காரி அதையே
அன்பில்லாமல் கேட்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இல்லை, அவ்வளவுதான் என்பது பொய்.
அங்கே மழையைத் திட்டிக்கொண்டே வேலைக்குப் போனேன்.
இங்கே மூன்று வருடமாக அது வரவில்லை.
கதவுக்குப் பின்னால் என் மழைச்சட்டை,
அதன் பைகளில் சஹாராவின் புழுதி.
போன வாரம் கையை விட்டேன்:
ஒரு டிராம் சீட்டு,
மகள் எழுதித் தந்த சாமான் பட்டியல்.
பால். பேட்டரி. அப்பாவுக்கு மிட்டாய்.
அவள் அங்கேதான். ஞாயிறுகளில் திரையில் வருகிறாள்.
பேத்திக்கு எங்கள் க்ரியோலில் இரண்டு சொல் தெரியும்.
ஒன்று வசவு. நான் சொல்லிக்கொடுத்தது.

நகராட்சியில் இல்டா என்றொரு பெண்
படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
நான் என்ன எழுதவேண்டும்?
உயிரோடிருக்கிறேன் என்று.
அதுதான் தெரிகிறதே.
அவர்களுக்குத் தெரியவில்லை.
நீங்கள் யார் மகன்?

படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.
சொன்னேன்: கிணற்றடி பிபியா மகன்.
பேனாவைக் கீழே வைத்தாள்.
அப்பா கடையில் கடன் சொல்லிவிட்டுப்
படகேறிய அர்மிந்தோவா?
ஒரு கயிறு. இரண்டு குப்பி கரும்புச் சாராயம்.
எண்பது எஸ்குடோ.
நான் மறந்தே போயிருந்தேன்.
அவள் அப்பா செத்துப் பதினாறு வருடம்,
நோட்டுப்புத்தகம் சாகவில்லை.
எண்ணிக் கொடுத்தேன். வட்டி கேட்கவில்லை.
அப்புறம்தான் முத்திரையைத் தேடினாள்.
மை காய்ந்திருந்தது. ஊதி ஊதிக் குத்தினாள்.

அன்றிரவு மின்சாரம் போனது.
இருட்டில் ஏறினேன், எண்ணவில்லை.
மேலே போன பிறகுதான் உறைத்தது,
தடுக்கவில்லை.
கால் அதுவாக மூன்று விரற்கடை தூக்கியிருக்கிறது.
ஜுல்மிராவை எழுப்பிச் சொல்லலாமா என்று பார்த்தேன்.
சொல்லவில்லை.

கை மட்டும்
இடப்பக்கச் சுவரில் விளக்குப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தது,
பதினோராம் மாடியில் அது இருந்த உயரத்தில்.
அங்கே வெறும் சுவர்.
பகல் வெயில் இன்னும் ஆறவில்லை அதில்.
கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.