நாலு சுழியம்

கோரையாற்றுக்கு இத்தனை, பாமனிக்கு இத்தனை,
மிச்சம் வெண்ணாற்றில் என்று
தினமும் காலை ஆறு மணிக்குக்
கன அடி எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள் நான்.
அந்தக் கைதான்
சோப்பு டப்பா அளவில் ஒரு கணினி வாங்கி
ரவுட்டருக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியது.

இனி வீட்டில் எந்தப் போன்
எந்தப் பெயரைத் தேடினாலும்
முதலில் இதனிடம் வழி கேட்க வேண்டும்.
மின்வாரியமா, வங்கியா, இதோ எண், போ.
வீடியோ தளமா?
சுழியம், சுழியம், சுழியம், சுழியம்.
போகாத ஊருக்கு வழி சொல்வது என்பார்களே,
அதைப் பட்டியல் போட்டு எழுதி வைத்தேன்.

அகரன் முதல் நாள் கத்தினான்.
இரண்டாம் நாள்
கெமிஸ்ட்ரி டியூஷனும் அங்கேதான் என்றான்.
உண்மைதான்.
மதகுக்குத் தண்ணீர்தான் தெரியும்.
வண்டல் எது, ஆகாயத்தாமரை எது என்று
அது பார்ப்பதில்லை.
மூன்றாம் நாள் சத்தமே இல்லை.
வரப்பில் நண்டு வளை விழுந்துவிட்டது என்று புரிந்தது:
சிம் கார்டில் நாளைக்கு ஒன்றரை ஜிபி.

டிவி இன்னும் மோசம்.
என்னைக் கேட்பதே இல்லை.
பிறக்கும்போதே மனப்பாடம் பண்ணிய
எட்டு எட்டு எட்டு எட்டு என்கிற முகவரிக்கு
நேராகப் போய் வழி கேட்டது.
ஐம்பத்து மூன்றாம் வாசலை அடைத்தேன்.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிய
மன்னார்குடி பஸ் மாதிரி
உறுமிக்கொண்டே நின்றது.

அப்புறம்தான் பதிவேட்டைப் படித்தேன்.
ஆபீஸ் பழக்கம்.
இரண்டு நாற்பது. இரண்டு நாற்பத்தொன்று.
இரண்டு நாற்பத்தொன்று, மறுபடியும்.
ஒரே பெயர், ஒரே போன்,
பதினொரு ராத்திரி.
அகரனுடையது இல்லை.

சித்திரையில் ஷார்ஜாவிலிருந்து
ஒரேயடியாக வந்துவிட்டவர் தனவேல், என் வீட்டுக்காரர்.
பதிவேட்டில் தளத்தின் பெயர் மட்டும்தான் விழும்,
உள்ளே போய் என்ன பார்க்கக் கேட்டார் என்பது விழாது.
இந்த ஏற்பாட்டின் நல்ல குணமே அதுதான்.
அதுதான் என்னை மூன்று நாள் தின்றது.
காலி இடத்தை மனசு எதையெதையோ போட்டு நிரப்பியது.
அதை இங்கே எழுதப்போவதில்லை.

பன்னிரண்டாம் ராத்திரி விழித்தே கிடந்தேன்.
இணைப்பு இல்லை என்கிற சாம்பல் பக்கத்தை
விரலால் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.
"என்ன பாக்குறீங்க?"
"இப்பதான் ஒண்ணும் வரலியே."
"வந்தப்போ?"
பதிலுக்கு முன்னால் ஃபேன் கொஞ்ச நேரம் பேசியது.
"கிரேன்."
"என்னது?"
"எவனோ ஒருத்தன் கேபின்ல கேமராவ வச்சு
எட்டு மணி நேரம் அப்படியே போட்டிருக்கான்.
சத்தம் கிடையாது.
கொக்கி எறங்கும், ஏறும்.
காத்து அடிச்சா லேசா ஆடும். அவ்வளவுதான்."

பதினாலு வருஷம்
நாற்பது மாடிக்கு மேலே உட்கார்ந்திருந்த உடம்பு.
இங்கே தரையெல்லாம் ஒரே மட்டம்,
ஓர் அடி வாட்டம் கிடைக்க
ஆறே பல மைல் நடக்க வேண்டும்.
கோபுரத்தில் ஏற விடமாட்டார்கள்.

அவர் போனுக்கு மட்டும்
இரண்டரையிலிருந்து நாலு வரை திறந்துவைத்தேன்,
முறைத்தண்ணி மாதிரி.
அகரனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவனும் முறை கேட்பான்,
அதில் நியாயமும் இருக்கும்.

வெள்ளிக்கிழமை
மேலே கூடுதலாகத் திறந்துவிட்டார்கள் என்று
அகாலத்தில் போன் வந்தது.
கூப்பிடாமலே சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.
மூணாற்றுத் தலைப்பில், லஸ்கரோடு சேர்ந்து
ஷட்டர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்
கீழே சீறுகிறதை எட்டிப் பார்த்தார்.
"எத்தன அடி இருக்கும்?"
"பதினாறு."
"இதெல்லாம் ஒரு ஒசரமா," என்றார்.

விடிகிறவரை இறங்கவில்லை.
பதிவேட்டில் அன்றைக்கு
இரண்டு நாற்பதுக்கு எதிரே ஒன்றுமில்லை.
திறந்துதான் இருந்தது.